மையம் தொடாத நூல்கள்

கொக்கோலா நகராட்சி மைதானத்தில்
சம்மட்டி எறியும் வட்டத்தைச் சுற்றி நிற்கும் கூண்டு வலை
என் பொறுப்பு.
கோடையில் வலை தைக்கிறேன்,
குளிரில் பனித்தளம் வழிக்கிறேன்.
நல்ல எறிகளோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.
அவை திறந்த வாய் வழியே போய்
எங்கோ ஈரப் புல்லில் தொம்மென்று விழும்.
என்னிடம் வருபவை தவறியவை மட்டும்.

சாய்மி தபால் வண்டி ஓட்டுகிறாள்.
வயது முப்பத்து நான்கு. இடக்கைக்காரி.
மற்றவர்கள் இடஞ்சுழி, அவள் வலஞ்சுழி.
மற்றவர்கள் தாமதித்தால் இடப்பக்கம் கிழியும்,
அவள் தாமதித்தால் வலப்பக்கம்.
மே மாதம் முழுக்க வலப்பக்கம் தைத்தேன்,
குளிரில் விறைத்த விரல்கள்
விட மனமில்லாமல் பிடித்திருந்திருக்கும்.
ஜூலையில், இரவு பத்து மணிக்கும் அணையாத வெளிச்சத்தில்,
இடப்பக்கம்.
அந்த மாதம் எதற்கோ அவசரப்பட்டாள்.
கேட்கவில்லை.

நாலு கிலோ உருண்டை, ஒரு கம்பி, ஒரு கைப்பிடி.
நாலாம் சுற்றில் அது
நூற்றெண்பது கிலோவாக இழுக்கும் என்றான்
தூரம் அளக்கும் ஓஸ்மோ.
"வெளியே ஓடப் பார்க்குது, அதான்."
மையவிலக்கு விசை என்ற சொல்லைப்
பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கியவன்
இன்னும் திருப்பித் தரவில்லை.

நான் வாதாடவில்லை. நூல்கண்டை எடுத்தேன்.
கிழிசல் ஒவ்வொன்றிலும் ஒரு முனையைக் கட்டி
இழைகள் பிய்ந்து சாய்ந்த திசைக்கு எதிர்த்திசையில்
வட்டம் வரை இழுத்துப் பிடித்தேன்.
பத்துக் கிழிசல், பத்து நூல்.
வெளியே ஓடியிருந்தால்
பத்தும் மையத்தில் அல்லவா கூடியிருக்க வேண்டும்?
ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.
ஒரு கையும் ஒரு கம்பியும் சேர்ந்த நீளத்துக்குத் தள்ளி,
தரையில் யாரும் வரையாத இன்னொரு வட்டத்தை
ஒரே ஓர் இடத்தில் தொட்டு
ஒவ்வொன்றும் நழுவிப் போயிற்று.
தொடுகோடு.
நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

இரும்புக்கு வெளியே போகும் ஆசை இல்லை,
நேரே போகும் பழக்கம் மட்டும்.
கணத்துக்குக் கணம் அதை உள்ளே திருப்பியது
அவள் தோள்.
பிடி விட்டதும் அதை யாரும் தள்ளவில்லை,
திருப்ப ஆளில்லை, அவ்வளவே.

"நூல் தொய்ந்திருக்கும்" என்றான் ஓஸ்மோ.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
துறைமுகத்திலிருந்து மீன் வாடை, கடற்காகங்களின் சண்டை.
மூன்றாம் சுற்று முடியும் முன்பே
கம்பி அறுந்தது.
இரும்பு வலப்பக்கம் போனது.
நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.
அவள் பின்னால் போனாள்,
யாரோ நாற்காலியை உருவிக்கொண்டது போல
சிமெண்டில் உட்கார்ந்துவிட்டாள்.
அத்தனை நேரமும்
அதன்மேல் சாய்ந்துதான் நின்றிருக்கிறாள்.
அவள் இரும்பைப் பிடித்திருக்கிறாள் என்றே
எல்லோரும் சொல்வோம்.
இரும்பும் அவளைப் பிடித்திருந்ததை
அறுந்த பிறகு, இடுப்பு நோகத்தான் தெரிகிறது.

சுண்ணப் பொடியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.
"எந்தப் பக்கம்?"
"வலம்."
"அப்போ தாமதம்."
"கம்பிதானே அறுந்தது, நீ விடவில்லையே."
கையுறையைக் கழற்றி
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.
பதில் வரவில்லை. மறுநாள் தபால் வந்தது,
வழக்கமான நேரத்துக்கு.

பதினோராம் கிழிசல் என் தலை அளவு.
தைக்க ஊசியோடு போனபோது
ஓஸ்மோ ஏற்கெனவே அங்கே நின்றான்,
ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்து.
"இதோ, மையம் நேரே தெரியுதே" என்றான்.
"இழை சாய்ந்த பக்கம் பார்" என்றேன்.
வெகுநேரம் பார்த்தான்.
தலையை
ஒரு விரற்கடை நகர்த்தினான்.